மூன்றாவது விசில்

மின்னஞ்சலை 'அன்புடன்' என்று முடிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வெளியூர் ஆர்டர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு நானே அன்புடன் போடுகிறேன். அதில் பாதிப் பேர் பார்டர் கலர் சரியில்லை என்று என்னைத் திட்டியவர்கள்.

என் சிநேகிதி அப்படி முடிக்க மாட்டாள். செய்யாறு கல்லூரிக்கு மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். கல்யாணமாகிக் கனடா போய்ப் பத்து வருடம் ஆகிறது. போனில் பேசினால் இரண்டு வீட்டிலும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், அதனால் மின்னஞ்சல்தான். பனி, மாமியார், பிள்ளையின் சளி எல்லாம் எழுதிவிட்டு இப்படி முடிப்பாள்: "சரிடி, குக்கர் மூணாவது விசில் வந்துடுச்சு. இறக்கப் போறேன்."

அந்த வரியை எப்படியெல்லாம் படித்திருக்கிறேன்! மூன்றாவது விசில் என்றால், முதல் இரண்டுக்கும் எழுந்திருக்காமல் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். நாலாவது என்றால், பருப்பு குழைந்தாலும் போகட்டும் என்று இருந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாது. ஒரு தடவை முதல் விசிலிலேயே முடித்துவிட்டாள். இரண்டு நாள் நான் பதில் போடவில்லை.

போன மாதம் அவள் கணவர், தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்கள் கடைக்கே வந்தார். பிள்ளைக்குப் பரீட்சை என்று அவள் வரவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே கேட்டேன். "உங்க வீட்டு குக்கர் எப்படிங்க இருக்குது? அதோட விசில் இங்க வரைக்கும் கேக்குது."

அவர் விழித்தார். "குக்கரா? கனடா போன நாள்ல இருந்தே நம்ம வீட்ல அது கிடையாதுங்க. ஆவி பட்டா கூரையில இருக்கிற அலாரம் கத்தும், பெரிய பேஜாரு. கரண்ட்ல வைக்கிற பாத்திரம்தான். தானா ஆஃப் ஆயிடும்."

அவர் போனதும், எங்கள் கடையில் புடவை மடிக்கும் பெண் பிடித்துக்கொண்டாள். அந்த விசில் வரிகளையெல்லாம் அவளுக்கு நானே படித்துக் காட்டியிருந்தேன்.

"இன்னாக்கா இது? பத்து வருஷமா உனக்கு டிமிக்கி குடுத்துகினு இருந்துருக்குது. கழட்டிக்கிறதுக்கு ஒரு சாக்கு. நேரா கேட்டுடு."

"கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, மதியம் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த 'சாக்கு' என்ற வார்த்தையின் மேல். பிடிக்காதவளுக்கு எதற்குச் சாக்கு? ஒரு அன்புடனைப் போட்டுவிட்டு எழுந்து போகலாமே, நான் தினமும் முப்பது பேரிடம் செய்கிற மாதிரி. பிடித்த இடத்தில் உட்கார்ந்துவிட்டவர்களுக்குத்தான் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். இவள் இல்லாத குக்கரை அடுப்பில் ஏற்றி, வராத விசிலை எண்ணி, எனக்காகப் பருப்பைக் குழைய விட்டிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் கடிதங்கள் எல்லாமே "சரிடி, ஓனர் கூப்பிடறாரு" என்றுதான் முடியும். எங்கள் ஓனர் மதியத்துக்கு மேல் கடைப்பக்கமே வரமாட்டார். அந்த வரி இல்லையென்றால், நீ இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதிவிடுவேன். அவள் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாள். அதனால் பத்து வருடமாக ஓனர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்று சாயங்காலமும் எழுதினேன். மடிக்கும் பெண் கடைசி வரியை எட்டிப் பார்த்தாள்.

"ஓனரு வந்தவாசி போயிருக்காரேக்கா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு மின்னஞ்சலை அனுப்பினேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. கணவர் போனில் எல்லாவற்றையும் சொன்னாராம், நான் குக்கரைப் பற்றிக் கேட்டதையும் சேர்த்து. அதற்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. புடவையின் நிறம் நாத்தனாருக்குப் பிடித்தது, பிள்ளை கணக்கில் கோட்டை விட்டது என்று வழக்கத்தைவிட நீளமாக எழுதியிருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தேன்.

"சரிடி, அஞ்சாவது விசில் வந்துடுச்சு. இறக்கப் போறேன்."