பக்கத்து சீட்டில் பதினோரு பேர்

“அண்ணாச்சி, பதினோரே பேரு!”

போனில் கிறிஸ்டி. நான் ஐந்தருவி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த சகலை குடும்பத்தைக் குளிக்க அனுப்பிவிட்டு, அவர்களுடைய ஆறு செல்போன், இரண்டு வாட்ச், ஒரு மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் காவல் காத்துக்கொண்டிருந்தேன். தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு சீசன் மாதங்களில் இதுதானே உத்தியோகம்?

“நல்ல ஆரம்பம்தானேம்மா?” என்றேன்.

“ஒரு வாரமா அதே பதினோரு பேருதான். அதுல நாலு பேரு எங்க சித்தி வீட்டு ஆளுவ. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு நான்!”

சாரலில் நனைந்தபோது வராத நடுக்கம் அப்போது வந்தது. காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் தேதி குறித்துக் கொடுத்தது நான்தான்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்டி சுரண்டையில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்ட பெண். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். தினமும் பஸ். பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் பேச்சுக் கொடுத்துவிடுவாள். வெங்காய வியாபாரி, பெண் பார்க்கப் போகிறவர், பெண் பார்த்துவிட்டு வருகிறவர்… யாராக இருந்தாலும் சரி. எனக்கும் அப்படித்தான் அறிமுகம். அவர்களிடம் அனுமதி கேட்டு, அந்தப் பேச்சை போனில் பதிவு செய்து, ‘பக்கத்து சீட்’ என்று ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தாள். வாரம் இருபது நிமிடம்.

பிய்த்துக்கொண்டு போனது. மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவரிலிருந்து அச்சன்புதூர் நர்ஸ் வரை கேட்டார்கள். கேட்டதோடு விட்டார்களா? ஒரு இலவச ஆப்பில் குரூப் ஆரம்பித்து, பாட்காஸ்ட் இருபது நிமிடம் என்றால் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்கள். அந்த குரூப்பில் ரத்தம் கிடைத்திருக்கிறது, தொலைந்த மாடு கிடைத்திருக்கிறது, ஒருவருக்கு மாப்பிள்ளைகூடக் கிடைத்திருக்கிறார்.

அந்த தைரியத்தில் கிறிஸ்டி போன வருடம் வேலையை விட்டாள்.

இந்த நேரம் பார்த்து அந்த இலவச ஆப்காரர்கள், “ஆகஸ்ட்டோடு குரூப் வசதியை நிறுத்துகிறோம்” என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சந்தா கட்டிச் சேருகிற ஒரு புதுத் தளத்துக்கு மாற முடிவு செய்தாள். மாதம் நாலு டீ, நாலு வடை காசுதான் சந்தா.

நான் யோசனை சொன்னேன். (கேட்காமலே யோசனை சொல்வது என் வழக்கம் என்று உங்களுக்குத்தான் தெரியுமே!) “ஜூலை கடைசி ஞாயிறு வச்சிக்கோம்மா. சாரல் அடிக்கும். ஜனங்க மனசு குளுந்து கெடக்கும்.” அதோடு நிறுத்தினேனா? அறிவிப்பையும் நானே எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடம் எழுதுகிற கை சும்மா இருக்குமா… ‘பழைய வீட்டைக் காலி செய்கிறோம். புது வீட்டுக்குக் குடி போகிறோம். எல்லோரும் குடும்பத்தோடு வந்து சேருங்கள்’ என்று உருகி உருகி எழுதினேன். கிறிஸ்டி அதை அவ்வளவு அழகாக வாசித்தாள்.

குரூப்பில் இதயங்கள் குவிந்தன. “கண்டிப்பா வாறோம் தங்கச்சி”, “இது நம்ம வீடுல்லா” என்று ஆளாளுக்குக் குரல் பதிவு போட்டார்கள்.

வந்தது பதினோரு பேர்.

இதற்கு நடுவில் பழைய பள்ளியின் தாளாளர் கூப்பிட்டிருந்தார். இவளுக்குப் பிறகு வந்த கணக்கு டீச்சர் வேலையை விட்டுப் போகிறாராம். “திரும்ப வந்துருங்க டீச்சர். பதினஞ்சாம் தேதி கொடியேத்தத்துக்கு வாறப்போ முடிவைச் சொல்லிருங்க” என்றாராம்.

“ஒங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. அதான் பயமா இருக்கு.”

எனக்கு வருத்தமாக இருந்தது. வருத்தம் என்றுகூடச் சொல்லக் கூடாது, குற்ற உணர்ச்சி. ஐந்து வருடமாக ஊர் உலகத்தின் பேச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவளை, காசு என்றதும் இப்படியா கைவிடுவார்கள்? இலவசம் என்றால் இதயம் போடுவார்கள், சந்தா என்றால் சிட்டாகப் பறந்துவிடுவார்கள்… இதை வைத்து காட்டமாக ஒரு பத்தி எழுத மனதுக்குள் தலைப்புகூட ரெடி செய்துவிட்டேன். நல்லவேளை, எழுதவில்லை.

“ஒரு ஆளைப் பிடிச்சி நேராவே கேட்டுருவோம்” என்றாள் கிறிஸ்டி. இருவரும் சுரண்டைக்கு பஸ் ஏறினோம்.

அந்த ஆள் சண்முகவேல் அண்ணாச்சி. சுரண்டையில் பாத்திரக்கடை. குரூப்பில் தினமும் காலை வணக்கம் சொல்வதிலிருந்து, சண்டை போடுகிறவர்களை சமாதானம் செய்வது வரை எல்லாம் அவர்தான். அவர்கூடச் சேரவில்லை.

“வா தங்கச்சி! வாங்க அண்ணாச்சி! டீ சொல்லட்டா?” என்று எழுந்தார்.

“டீ இருக்கட்டும். நீங்க ஏன் இன்னும் சேரல?” என்றாள் கிறிஸ்டி.

அண்ணாச்சி ஒரு குத்துவிளக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

“சேரக் கூடாதுன்னு இல்லம்மா. வந்து… ஆடி கழியட்டும்னு இருக்கேன்.”

“என்னது?”

“ஆடியில யாராவது குடி போவாவளா? நீ சொல்லக் கேட்டதும் எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. என்ன இந்தப் புள்ள, ஆடியில போயி பால் காச்சக் கூப்பிடுதேன்னு…”

நான் அவசரமாகக் குறுக்கே விழுந்தேன். “அது சும்மா பேச்சுக்கு எழுதுனது அண்ணாச்சி. அது வீடு இல்ல, ஆப்!”

“ஆப்புன்னாலும் புதுசுதான? அந்தா பாருங்க. கடைக்குப் புது பில் மிஷினு வந்து பத்து நாளாச்சு. பெட்டியைப் பிரிச்சனா?”

பார்த்தேன். மூலையில் அட்டைப்பெட்டி ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தது.

“அப்போ மத்தவங்க?” என்றாள் கிறிஸ்டி.

“எல்லாரும் அப்பிடித்தான். எங்களுக்குள்ள பேசிக்கிட்டோம்லா. ஆவணி மொத முகூர்த்தம் புதன்கிழமை வருது. ஒம்பதே காலுலேருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். மொத்தமா வந்துருவோம்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா அண்ணாச்சி?”

“நல்ல காரியத்துக்குக் கூப்பிடுதே. நாள் சரியில்லன்னு மொகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? நீ வேதக்காரப் புள்ள, ஒனக்கு இது தெரியாது. சொன்னா சங்கடப்படுவேல்லா?”

கிறிஸ்டி என் பக்கம் கையை நீட்டினாள். “இவுக வேதக்காரர் இல்லியே!”

நான் குத்துவிளக்கைப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் கிறிஸ்டிக்கு சந்தேகம் தட்டியது. அந்தப் பதினோரு பேரில் அவளுடைய அம்மா இல்லை! உடனே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஆடி போவட்டும்னு இருந்தேன்” என்றார் அம்மா.

“நாம சர்ச்சுக்குப் போற ஆளுவ. நாம எதுக்கும்மா ஆடி பாக்கணும்?”

“ஏட்டி, சர்ச்சுக்குப் போறது வேற. எல்லாரும் வாற அன்னைக்கு நாமளும் போயி நின்னாத்தான மரியாதை?”

வீட்டுக்கு வந்து, பெரிய கண்டுபிடிப்பு போல இதை மனைவி உமாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “ஆமா, நானும் சேரலியே. நீங்க பாக்கலியா?” என்றாள். தெரிந்துகொண்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேட்டியளா? ஒங்களுக்கு யோசனை சொல்லத்தான தெரியும்” என்றாள்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கிறிஸ்டியின் சிக்கல் தீர்ந்ததா? இல்லையே. பதினைந்தாம் தேதி பள்ளியில் முடிவு சொல்ல வேண்டும். அன்றைக்கும் ஆடிதான். “வாறோம்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. போன தடவையும் அப்பிடித்தான சொன்னாவ. வேலையை வேண்டாம்னு சொன்ன பெறவு ஒருத்தரும் வராட்டி?” என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக யோசனை எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொடியேற்றத்துக்குப் போனாள். தாளாளர் மிட்டாய் கொடுத்தார். தயங்கித் தயங்கி, “ஆவணி பொறந்து சொல்லட்டுமா சார்?” என்று கேட்டிருக்கிறாள்.

“நானும் அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். ஆடியில எதுக்கு ஜாயின் பண்ணணும்? வியாழக்கிழமை சொல்லுங்க” என்றாராம்!

புதன்கிழமை காலை. கிறிஸ்டி வீட்டில் நான், உமா, கிறிஸ்டியின் கணவர். லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். ஒன்பது பதினான்கு… பதினோரு பேர். கிறிஸ்டியின் கணவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டிவைத்தார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதே கால்.

டிங்… டிங்… அப்புறம் டிங் டிங் என்று பிரித்துக் கேட்கவே முடியவில்லை. அச்சன்புதூர் நர்ஸ், மஸ்கட் கிரேன்காரர், கிறிஸ்டியின் அம்மா, என் பக்கத்திலேயே உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்த உமா… நூறு, இருநூறு, முந்நூறு. கிறிஸ்டி கன்னத்தில் கை வைத்து வாயைத் திறந்தபடி இருந்தாள்.

ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் நின்றது. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி. வழக்கத்துக்கு மாறான நடமாட்டம் தெரிகிறதாம். பாதுகாப்புக்காகப் பக்கத்தைப் பூட்டிவிட்டார்களாம்!

அவ்வளவுதான். எல்லார் போனும் அடிக்க ஆரம்பித்தது. சண்முகவேல் அண்ணாச்சி என்னிடம் கத்தினார். “நான் உள்ள போயிட்டேன் அண்ணாச்சி, எம் மச்சினன் வாசல்ல நிக்கான். பத்தே காலு தாண்டுனா நேரம் போயிரும். கதவைத் தெறக்கச் சொல்லுங்க!”

கிறிஸ்டி அந்தத் தளத்தின் உதவி எண்ணுக்குப் பேசினாள். பெங்களூரில் ஒரு பையன் ஆங்கிலத்தில் விசாரித்தான். இரண்டு வாரத்துக்கு மேல் புதிதாக ஒருவர்கூட வரவில்லை. இன்று ஒரே நிமிடத்தில் இத்தனை பேரா? இவர்கள் மனிதர்கள்தானா, ரோபோக்களா?

“ரோபோ இல்ல சார். நல்ல நேரம் பார்த்து வந்திருக்காங்க” என்று கிறிஸ்டி தன் டீச்சர் இங்கிலீஷில் சொன்னாள்.

ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டான் பையன்.

ஆதாரமா? பழைய குரூப்பில்தான் குவிந்து கிடந்ததே! ஆளாளுக்கு வீட்டில் பால் காய்ச்சி போட்டோ போட்டிருந்தார்கள். மஸ்கட்காரர் எலெக்ட்ரிக் கெட்டிலில் காய்ச்சியிருந்தார். அத்தனையையும் அனுப்பினாள். எந்த ஊர் ரோபோ பால் காய்ச்சும்?

இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பையனின் குரல் வேறு மாதிரி வந்தது. “எங்க ஊர்லயும் ஆடி மாதிரி ஆஷாட மாசம் உண்டு மேடம். அதனாலதான் என் கல்யாணமே தள்ளிப்போச்சு” என்று சிரித்தான். பத்து மணி நாலு நிமிடத்துக்குப் பூட்டு திறந்தது. பத்தே காலுக்குள் மச்சினன் உட்பட அறுநூற்றுச் சொச்சம் பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

கிறிஸ்டி மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்? கிறிஸ்டியின் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “தண்ணி குடி. எல்லாரும் காத்துட்டு இருக்காவ” என்றார்.

ஒரு ஆப்பில் சேர யாராவது நாள் பார்ப்பார்களா? நாமெல்லாம் ராத்திரி படுத்துக்கொண்டே நாலு ஆப் இறக்கி, காலையில் அழித்துவிடுகிற ஆட்கள். அதில் யார் நேரம் பார்த்தோம்? அது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. இவர்களோ இதை வீட்டு விசேஷம் என்று நினைத்துவிட்டார்கள். காசுக்கு பயந்து ஓடிவிட்டார்கள் என்று எழுத இருந்தேனே… அந்தக் கையை என்ன செய்வது?

வியாழக்கிழமை கிறிஸ்டி தாளாளருக்கு போன் செய்தாள். “மன்னிச்சிருங்க சார், நான் வரல” என்றாள்.

“தெரியும் டீச்சர். நேத்து அந்தக் கூட்டத்துல நானும்தான இருந்தேன்” என்றார் அவர். பிறகு கொஞ்சம் இழுத்தார். “அப்பிடியே ஒங்க குரூப்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். கணக்கு டீச்சர் யாராவது இருப்பாவளா…”

கேட்டாள். பத்தே நிமிடத்தில் கடையத்திலிருந்து ஒரு டீச்சர் கிடைத்துவிட்டார். எப்போது சேருகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்… குரூப்பே உட்கார்ந்து நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது!