கோணலாக எடுத்தவள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி தொழிற்சாலை முழுக்க அவளுக்குக் கோணல் என்றுதான் பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அக்காவைச் சேர்த்துக் கோணலக்கா என்பார்கள். அவள் உடம்பிலோ புத்தியிலோ ஒரு கோணலும் கிடையாது. நாக்கில் மட்டும் கொஞ்சம் உண்டு, அதுவும் சீண்டினால்தான்.

செல்போன் கோபுரங்களின் உச்சியில் சாம்பல் நிறப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் போகும் சிப்புகளைச் செய்யும் இடம் அது. அங்கே பத்தொன்பது வருடமாக அவளுக்குக் கழுவுகிற வேலை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், முகம் பார்க்கலாம் போல மின்னும் சிலிக்கான் தட்டுகள், கடைசியில் இவற்றைத்தான் சிப்புகளாக வெட்டுவார்கள். இருபத்தைந்து தட்டுகளை ஒரு கூட்டில் செருகி, அமிலத்தில் முக்கி, பிறகு சுத்தத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் தண்ணீரிலிருந்து மேலே வரும்போது ஒவ்வொரு தட்டின் அடி விளிம்பிலும் ஒரு சொட்டு பிடிவாதமாகத் தொங்கும். அது காய்ந்தால் கறை. கறை விழுந்த இடத்துச் சிப்பு குப்பைக்குத்தான். பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆறு வருடம் அந்தச் சொட்டோடு மல்லுக்கட்டித் தோற்றார்கள்.

ஒரு நாள் கூட்டைத் தூக்கும் கொக்கி வளைந்துபோனது. பழுது பார்க்கிறவர்கள் மூன்று நாள் எட்டிப் பார்க்கவில்லை. கூடு ஒரு பக்கம் சாய்ந்தபடியே தண்ணீரிலிருந்து வந்தது. அந்த மூன்று நாளும் அவள் கழுவிய தட்டுகளில் கறை இல்லை. நாலாம் நாள் கொக்கியை நிமிர்த்தினார்கள். கறையும் சொல்லி வைத்தாற்போல் திரும்பி வந்தது. அவள் கொக்கிக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி மறுபடி சாய்த்தாள்.

“என்ன இது, கோணலா?” என்று கத்தினார் பொறியாளர். அந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு.

“கூடு கோணலா வந்தா கறை நேரா போயிடுது சார்.”

அவர் துண்டைப் பிடுங்கி எறிந்தார். மறுநாள் அவள் இன்னொன்றைச் செருகினாள். அதையும் எறிந்தார். இப்படி ஐந்தாறு துண்டு போனதில் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாளைக்கு யாராவது இதைப் பத்திரிகையில் எழுதினால், வீட்டில் பாத்திரம் கழுவும்போது இந்த யோசனை அவளுக்கு உதித்தது என்று எழுதுவார்கள். சுத்தப் பொய். அவள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவன் அவள் கணவன்.

சாய்த்தால் மட்டும் போதவில்லை என்பதையும் அவளேதான் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் அடையாளத்துக்கு ஒரு சின்ன வெட்டு இருக்கும், பல் விழுந்த இடம் மாதிரி. கழுவுகிறவர்கள் அதைப் பல் என்பார்கள். இயந்திரத்திலிருந்து தட்டுகள் வரும்போது எல்லாப் பல்லும் அடியில் இருக்கும். எண்ணிப் பார்க்க வசதி என்று அவள் மட்டும் பல்லை மேலே திருப்பி வைப்பாள். அடுத்த ஷிஃப்டில் கூட்டைச் சாய்த்தும் கறை போகவில்லை, அவளுக்கு மட்டும் போனது. இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. பல் அடியில் இருந்தால் கடைசிச் சொட்டு அந்த வெட்டுக்குள் குடிபுகுந்துவிடுகிறது. பிறகு எப்படிச் சாய்த்தாலும் காலி செய்வதில்லை.

அன்றிலிருந்து ஷிஃப்ட் நோட்டில் தினமும் ஒரே வரி எழுதினாள். ‘பல் மேலே. கோணலா. மெதுவா.’ எட்டு மாதம் எழுதினாள். கறை குறைந்த கணக்கைப் பார்த்த பிறகுதான் பொறியாளர் அடங்கினார். கூட்டை நிதானமாகத் தூக்க ஒரு மோட்டாரையும் அவரே செய்து கொடுத்தார். நல்ல மோட்டார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆறு மாதம் கழித்து அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அந்தக் கழுவும் முறைக்குக் காப்புரிமை வாங்கப் போகிறார்களாம். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் பொறியாளரின் பெயர் மட்டும் இருந்தது. அவளுக்கும் ஒரு வரி இருந்தது: ‘மேற்படி கண்டுபிடிப்பாளரின் அறிவுறுத்தலின்படி துணைப் பணியாளராகச் செயல்பட்டேன்.’ கீழே கையெழுத்துக்குக் கோடு.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் அதை மேஜையில் போட்டாள். பஸ் டிரைவரான கணவன் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி மேலோட்டமாகப் பார்த்தான்.

“போட்டுத் தொலையேன். பெரிய இடத்து விவகாரம்.”

“முழுசாப் படி.”

படித்தான். பொத்தானில் இருந்த கை நின்றது. “அறிவுறுத்தலின்படியா? அந்தாளு பிடுங்கிப் போட்டார்னுதானே தினம் வந்து புலம்புவே?”

“அதான்.”

“இருபது வருஷமா வண்டி ஓட்டறது நானு. பக்கத்துல உட்கார்ந்து வந்தவன் நான்தான் ஓட்டினேன்னு எழுதிக் கேட்டா சும்மா விடுவேனா?” தாளை அவள் பக்கமே தள்ளினான். “வேலைக்கு வேட்டு வச்சாலும் வைப்பாங்க. பரவால்ல, போடாதே.”

அவள் தாளை மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள். பிறகு சாப்பிட்டாள்.

கையெழுத்தில்லாத தாள் பத்து நாள் அவள் பெட்டியிலேயே கிடந்தது. பதினோராம் நாள் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேலாளர், பொறியாளர், புதிதாக ஓர் அம்மாள். அந்த அம்மாள் காப்புரிமை வக்கீல். எழுதியிருப்பதை எழுதியபடியே செய்து பார்க்காமல் மனுவை அனுப்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. வேறு ஆளை வைத்து மூன்று முறை செய்து பார்த்திருக்கிறார். மூன்று முறையும் கறை.

“உட்காரும்மா. ஒரு சின்ன உதவிதான்,” என்றார் மேலாளர்.

வக்கீல் பொறியாளரிடம் திரும்பினார். “பல் மேலேன்னு எழுதியிருக்கீங்களே, எந்தப் பல்?”

“கூட்டுக்குள்ள தட்டைப் பிடிச்சுக்கச் சீப்பு மாதிரி இருக்கே, அந்தப் பல்தான்.”

கோணலுக்குச் சிரிப்பு பீறிட்டது. நோட்டைப் பார்த்துக் காப்பியடித்த மனிதர், என்ன பல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! கேட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

“அது இல்லயா?” என்று வக்கீல் அவளிடம் கேட்டார்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அறிவுறுத்தலின்படி செய்யறவ. அவரே அறிவுறுத்தட்டும்.”

பொறியாளரின் காது சிவந்தது. மேலாளர் இருமினார். “உனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் ஏற்பாடு பண்றோம்மா. ஆண்டு விழாவில மேடையில வச்சு…”

“சான்றிதழை யார் சார் கேட்டா? கண்டுபிடிச்சது நான். என் பேர் அதுல இருக்கணும். இல்லேன்னா நீங்களே கழுவிக்குங்க, எந்தப் பல்லுன்னு தேடிக்கிட்டே.”

“இவங்க சொல்றது நிஜம்னா,” என்று வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், “இவங்க பேர் இல்லாம மனு போகக் கூடாது. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டா காப்புரிமை ஒரு நாள்கூட நிக்காது. பொறியாளர் சார், உங்க பங்கு என்னன்னும் நான் எழுதியாகணும். பங்கு இல்லேன்னா உங்க பேரை எடுத்துடணும்.”

பொறியாளர் கோணலைப் பார்த்தார். அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்தவர், அப்போதுதான் அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தையில் அவரைத் துடைத்துப் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. எறிந்த துண்டுகள் ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“மோட்டார் அவரோடதுதான்,” என்றாள். “கையால தூக்கினா அவ்வளவு நிதானமா வராது. அதை நான் மறைக்க மாட்டேன். அவர் பேரும் இருக்கட்டும். ஆனா முதல்ல சாய்ச்சது யாருன்னு அவர் வாயால சொல்லணும். இங்கேயே.”

“நாங்க எல்லாரும் சேர்ந்துதான்…” என்று இழுத்தார் பொறியாளர்.

“நாங்க இல்ல சார்.”

பொறியாளர் கைகளைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் வக்கீலிடம் சொன்னார்: “இவங்கதான். நான் வேண்டாம்னேன். கேக்காம இவங்கதான் விடாம செஞ்சாங்க.”

வக்கீல் பழைய தாளை இரண்டாகக் கிழித்துவிட்டு, புதிய படிவத்தை அவள் முன்னால் வைத்தார். கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் முதல் வரியில் அவள் தன் பெயரை எழுதினாள். இரண்டாம் வரியைப் பொறியாளருக்கு விட்டாள். எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். சந்தோஷம்தான், வேறென்ன.

“இப்பவாவது சொல்லும்மா,” என்றார் மேலாளர். “எந்தப் பல்?”

அவள் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துப் பொறியாளர் பக்கம் நகர்த்தினாள்.

“நான் சொல்லச் சொல்ல எழுதுங்க சார். புரியலேன்னா வெக்கப்படாமக் கேளுங்க.”

அவர் பேனாவைத் திறந்தார்.