கழுவி அனுப்பிய விரால்

சுதந்திரம் வந்த சமயம், மலாக்காவில் ஆற்றுத் தண்ணீர் பிடிக்கிற வேலை எனக்கு. போத்தலில் நிரப்பி, எந்த இடத்துத் தண்ணீர் என்று சீட்டு ஒட்டி, கோலாலம்பூரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஆற்றின் மேல்பக்கம் ஒரு பழைய பேட்டரிப் பட்டறை இருந்தது. அதன் கழிவால் ஆற்றில் ஈயம் கலக்கிறதோ என்று ஆபீசில் சந்தேகம். ஒருநாள் மீனையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்கள்.

அப்போது என் மனைவி பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள். பச்சை உடம்புக்காரிக்கு எங்கள் ஊரில் விரால் மீன் சூப்தான் கொடுப்பார்கள், புண் சீக்கிரம் ஆறும் என்று. மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லோருக்கும் அதே பத்தியம். எனக்குக் கிடைத்தது அந்த ஆற்று விரால். அவள் சாப்பிடுகிற மீனை சர்க்காரே பார்த்துச் சொல்லட்டும் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு விராலை வெட்டினேன். இரண்டு ஆபீசுக்கு, இரண்டு சட்டிக்கு. உள்ளே படுத்திருந்தவள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, பெரிய ஆளுங்க கைக்குப் போற மீனு. நாத்தத்தோடயா அனுப்புவீங்க? உப்பு மஞ்ச போட்டு நல்லா கழுவுங்க."

கழுவினேன். செதில், செவுள், குடல் எல்லாவற்றையும் எடுத்தேன். ஈரலை யாராவது வீசுவார்களா? நாலு மீனின் ஈரலையும் மிளகு, பூண்டு தட்டி அவள் சூப்பிலேயே போட்டேன். இப்படியே வாரம் ஒரு தடவை, மூன்று வாரம் மீன் அனுப்பினேன், சூப்பும் வைத்தேன்.

மீனில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. "பாத்தியா, தைரியமா சாப்பிடு" என்றேன். பெருமை வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறு மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தமிழர் எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"என்னாண்ணே, சமையலுக்கு வெட்டுற மாதிரி வெட்டி அனுப்பியிருக்கீங்க? மசாலா தடவலையே, அதுவரைக்கும் சந்தோசம் லா."

நானும் சிரித்தேன்.

"முழு மீனா வேணும்ணே. ஈயம் சதையில கொஞ்சந்தான் நிக்கும். ஈரல்ல, எலும்புல போய்த் தங்கிரும். ஈரல என்னா செஞ்சீங்க?"

"வீசிட்டேன்" என்றேன்.

அன்றே முழு மீன் பிடித்து அனுப்பினேன். பதில் வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் விரால் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். தின்றேன், தூங்கினேன், தண்ணீர் பிடித்தேன். பயமா வெட்கமா என்று எனக்கே தெரியவில்லை. மரத்துப் போயிருந்தேன்.

ஈரலில் சாப்பிடக்கூடாத அளவுக்கு ஈயம் இருக்கிறது என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கடிதத்தைப் படித்துக் காட்டினார். சரிங்க என்றேன்.

வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆபீசில் பொய் சொன்னதையும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப இது?" என்று மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் காட்டினாள்.

"தெரியல."

பிள்ளையை மாரிலிருந்து எடுத்துப் பாயில் போட்டாள். அது வீறிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு டின் பால் வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மாரைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். துணி நனைந்திருந்தது. பாலைக் கலக்கி அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே குடுங்க" என்றாள்.