ஜெஸிமாவின் முசல்லா

பொறாமை என்று தெரிந்தேதான் பொறாமைப்பட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம், எனக்கு ஒன்றும் தங்கவில்லை. கொழுந்தன் மனைவி ஜெஸிமாவோ துறையூரிலிருந்து வந்த மூன்றாம் மாதமே உண்டானாள். பாலக்கரை வீடே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சூப் வைத்துக் கொடுத்தேன்.

அந்தக் கரு கலைந்தது. சத்தியமாக அழுதேன். ஆனால் அடுத்த மாதமே அவளுடைய முசல்லாவைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். தொழுகை விரிப்பு அலமாரி ஏறினால் அவளுக்குத் தொழக்கூடாத மாதவிலக்கு நாள், இன்னும் உண்டாகவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும். இப்படியும் ஒரு மனுஷி!

கரு கலைந்த நான்காம் மாதம் ஏறிய விரிப்பு இறங்கவே இல்லை. ரத்தப்போக்கு பதினைந்து நாள் தாண்டினால் அது மாதவிலக்கில் சேராது, குளித்துவிட்டுத் தொழலாம் என்பது அவளுக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். முகம் வெளுத்துப்போனது. "கரு கலைஞ்சு வயித்தக் கழுவுன உடம்பு, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் மாமியார். எனக்கு மனசு கேட்கவில்லை. மன்னார்புரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துப்போனேன்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது?"

"ஒரு வாரம் இருக்கும்ங்க" என்றாள் ஜெஸிமா.

"பொய் டாக்டர். இன்னியோட இருபத்தாறு நாள்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கர்ப்பச் சோதனை அட்டையில் இரண்டு கோடு. அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்? ஆனால் ஸ்கேனில் குழந்தை இல்லை. கலைந்த கருவின் மிச்சம் புற்றாக மாறியிருந்தது.

"ரொம்ப அபூர்வமா வர்றது. இன்னும் விட்டிருந்தா நுரையீரலுக்கு ஏறியிருக்கும். பயப்படாதீங்க, ஊசியிலயே குணமாகும், கர்ப்பப்பையும் தங்கும்" என்றார் டாக்டர்.

மாதக்கணக்கில் ஊசி, வாராவாரம் ரத்தப் பரிசோதனை. வாயெல்லாம் புண். நான்தான் கஞ்சி ஊட்டினேன். குணமானாள். ஒரு வருஷம் உண்டாகக் கூடாது என்றார்கள்.

அதன்பிறகு அவள் என் அறை வாசலுக்கு நேராகவே முசல்லா விரித்தாள். எனக்குக் காட்டத்தானே விரிக்கிறாள் என்று கருவினேன். எண்ணவும் செய்தேன். வருஷக் கெடு முடிந்து சில மாதத்தில், நாற்பத்தொரு நாள் விடாமல் தொழுதிருந்தாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது; உண்டாகியிருக்கிறாளா, இல்லை நோய்தான் திரும்பிவிட்டதோ? ஸ்கேனுக்குப் போனோம்.

"இதோ, துடிக்குது பாருங்க" என்றார் டாக்டர்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். வயிறும் எரிந்தது.

வெளியே வந்ததும், "பொறாமையிலதான்டி எண்ணினேன்" என்று உடைந்துவிட்டேன்.

"டாக்டர்கிட்ட இருபத்தாறு நாள்னு சொன்ன அன்னிக்கே தெரியும் லாத்தா" என்றாள் ஜெஸிமா. "அதனாலதான் உங்க வாசல்ல விரிச்சேன். நீங்க எண்ணிக்கிட்டு இருந்தா எனக்குப் பயமில்ல."