முடிவைப் படிக்காமல் எடுத்த கிரேக்க நாடகம்

கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே நாடகம் தேர்ந்தெடுத்த தமிழாசிரியன் திண்டுக்கல்லிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தொண்ணூறுகளில் எங்கள் கான்வென்ட் பெண்கள் பள்ளியின் ஓர் ஆண்டு விழாவுக்கு, வெள்ளை வேட்டியைச் சுற்றினாலே வேஷம் முடிந்துவிடும் என்பதற்காக ஒரு பழைய கிரேக்க நாடகத்தை எடுத்தேன். என் முந்தைய இரண்டு நாடகங்களும் படுத்துவிட்டதால், "இதுவும் சொதப்புனா அடுத்த வருஷம் நாடகமே கெடையாது, டான்ஸ் மட்டுந்தான்" என்றிருந்தார் தலைமையாசிரியையான சிஸ்டர்.

ஒத்திகையைப் பார்க்க சிஸ்டரும் வந்து நின்றபோது ஒரு மாணவி கேட்டாள்: "என்ன சார், கடைசில அம்புட்டுப் பேரும் செத்துப் போறாங்க?"

"தெரியும்மா" என்றேன். சத்தியமாகத் தெரியாது.

மேடையோரம் நின்று புலம்ப வேண்டிய பெண்கள் கூட்டம் என் செந்தமிழை வாய்ப்பாடு போல ஒப்பித்தது. பக்கத்து அகரம் கிராமத்துப் பிள்ளை ஒருத்திதான், "பெரிய வெள்ளிக்கிழமை கோயில்ல பாடுற புலம்பல் ராகத்துல பாடவா சார்?" என்றாள். பாடச் சொன்னேன்.

விழாவன்று அந்த ராகம் எழுந்ததும் தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிஸ்டரிடம் போய், "நான் எடுத்த நாடகம் எப்படி?" என்றேன்.

"அடுத்த வருஷ நாடகத்தையாவது முழுசாப் படிச்சிட்டு எடுங்க."