அண்ணனுக்காகக் கண்ட கனா

எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுவதும் எல்லோரும் தூங்குவதற்குப் பாடுபட்டார்கள். தூங்கினால்தான் ஒரு காரியம் தீர்மானமாகும் என்று ஏற்பாடு. அதனாலேயே ஒருவருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை. எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயசு. இன்றைக்கு நானே தூக்கம் வராமல் புரளுகிற வயசுக்கு வந்துவிட்டேன். புரளும்போது அந்த வாரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

காரியம் என் அண்ணனுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேல்பள்ளிக்கூடத்தில் படித்து மெட்ரிகுலேஷன் தேறியிருந்தான். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் எட்டியதில்லை. எட்டியவன் அத்தோடு நின்றிருக்கலாம். மதராஸ் பட்டணத்துக்குப் போய்க் காலேஜில் சேர்ந்து பாஷைகள் படிக்க வேண்டும் என்றான். அரபி, பார்சி, இங்கிலீஷ், முடிந்தால் சம்ஸ்கிருதமும். வக்கீலுக்குப் படிக்கிறேன் என்றிருந்தால் ஊரிலேயே முன்சீப் கோர்ட்டு இருக்கிறது, எங்களைப் பெற்ற அத்தாவுக்குப் புரிந்திருக்கும். பேசத் தெரிந்தவன் எதற்காகப் பேசப் படிக்க வேண்டும் என்று தெருவே கேட்டது.

மற்றவர்களுக்குச் சளி பிடிப்பதுபோல அண்ணனுக்குப் பாஷை பிடிக்கும். ராஜபாளையத்தில் எங்கள் பருத்திக் கடையில் ஒரு பருவம் உட்கார்ந்தான், தெலுங்கு வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து மிளகு கொண்டுவரும் வண்டிக்காரர்களிடம் நின்று பேசிப் பேசி மலையாளம் வந்துவிட்டது. பேசுகிற சுவாரசியத்தில் தராசில் பொதி ஏறியதையும் இறங்கியதையும் மறந்துவிடுவான் என்பது அத்தாவின் குறை.

அத்தாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கடை ராஜபாளையத்தில். விடியுமுன் சுபுஹு தொழுத கையோடு மாட்டு வண்டியில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி எப்போதும் இருமல். இரண்டு வாய் சாப்பிட்டுக் கை காய்வதற்குள் சுவரில் சாய்ந்து கண் அயர்ந்துவிடுவார். நித்திரை சுகம் அறியாது என்பார்கள். அவருக்கு வண்டித் தட்டும் மெத்தைதான், பருத்திச் சாக்கும் மெத்தைதான். ‘பையன் படிப்பு முடியட்டும், செத்த நேரம் காலை நீட்டிக்கிடுதேன்’ என்பதே பல வருஷங்களாக அவர் வாயிலிருந்து வந்த ஒரே ஆசை. படிப்பு முடிந்தது. காலை நீட்டப் போகிற நேரத்தில்தான் அண்ணன் பட்டணம் என்றான்.

செலவைப் பற்றிக்கூட அத்தா பேசவில்லை. பேச்செல்லாம் பாஷையைப் பற்றித்தான்.

“ஏலே, தெலுங்கு படிக்க நான் எந்தக் காலேஜுக்குப் போனேன்? பருத்தி வாங்கப் போனேன், வந்துருச்சு. பாஷைங்கது தானா வாரதுதான?”

“அது யாவாரத்துக்குக் காணும், அத்தா. நாம தெனமும் குர்ஆன் ஓதுதோமே, அதுல ஒரு வரிக்காச்சும் அர்த்தம் தெரியுமா நமக்கு?”

“எங்க அத்தா அர்த்தம் தெரிஞ்சா ஓதினாரு? நல்லபடியாத்தான கண்ண மூடி மவுத்தானாரு?”

மறுநாள் இரவு இதே பேச்சு முதலிலிருந்து தொடங்கும். கோபப்பட்டுக் கத்தியிருந்தாலாவது ஒருநாள் முடிந்திருக்கும். இருவருமே கத்துகிறவர்கள் இல்லை. ஒருவர் இருமிக்கொண்டும் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டும் அரைத்த மாவையே அரைத்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அலுத்துவிட்டது.

அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. ஒருநாள் பகலில் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டியவள், தான் சின்ன வயசிலிருந்து ஓதிவருகிற ஒரு சூராவைச் சொல்லி அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணனிடம் கேட்டாள். “தெரியாதும்மா. அதுக்குத்தான போகணும்ங்கேன்” என்றான். அம்மா பாயை மூலையில் சாத்திவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

கடைசியில் அத்தாதான் களைத்துப் போனார். சரி என்று சொல்ல உடம்பு இடம் தரவில்லை; வேண்டாம் என்று சொல்ல மனசு இடம் தரவில்லை. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் போய் நின்றார். ஆண்டவனிடமே கேட்டுவிடலாம் என்று லெப்பை வழி சொன்னார். அதற்கு இஸ்திகாரா என்று பெயர். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு இரண்டு ரக்அத் தொழுது, காரியத்தைச் சொல்லித் துஆக் கேட்டு, யாரோடும் பேசாமல் மேற்கே முகம் பார்த்துப் படுத்துவிட வேண்டும். கனவில் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் காரியத்தைச் செய்யலாம். கறுப்போ சிவப்போ தெரிந்தால் விட்டுவிட வேண்டும். ஏழு ராத்திரிக்குள் தெரிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. தகப்பன், மகன் இருவருமே கேட்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் அத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

“படுத்தது தெரியும், பாங்கு சொன்னது தெரியும். நடுவுல ஒண்ணுமில்ல” என்றார் அத்தா.

அவர் சொன்னது உண்மைதான். கனாக் காண்பதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அண்ணனுக்கு வேறு கஷ்டம். கனவு வர வேண்டும் என்ற தவிப்பில் கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்தான். விடியும்போது அவன் கண் சிவந்திருந்தது. வீட்டில் தெரிந்த சிவப்பு அது ஒன்றுதான்.

அடுத்த நாள் அத்தாவுக்குக் கனவு வந்தது. பெரிய பருத்திப் பொதி ஒன்று, வாய் அவிழ்ந்து, வெள்ளை வெளேரென்று. வெள்ளை தெரிந்துவிட்டது, போகலாம் என்றான் அண்ணன். பருத்தியாக அல்லவா தெரிந்தது, கடையில் உட்காரச் சொல்லுகிறது என்றார் அத்தா. அதற்கும் மறுநாள் அண்ணன் பச்சைக்கிளியைக் கண்டதாகச் சொன்னான். கிளி பல பாஷை பேசிற்றாம். அத்தா வண்டியில் ஒரு காலை வைத்தபடி அவனைப் பார்த்தார்.

“அந்தக் கிளிய நானுந்தான் தெனம் பாக்கேன். கோயில் கோவுரத்துல இருக்கு.”

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை. ஆசைப்பட்டு ஆசைப்பட்டுக் கண்டானோ என்னவோ. எப்படியும் கிளி தள்ளுபடியாகிவிட்டது.

மறுபடியும் லெப்பையிடம் போனார்கள். பஞ்சாயத்துப் பேசி அவருக்கும் சலித்துப் போயிருக்க வேண்டும். “ராவுத்தரே, ஆசப்படுதவன் கனா ஆசையத்தான் காட்டும். வீட்டுல பச்சப்புள்ள ஒண்ணு இருக்குல்லா? அதப் படுக்க வச்சுக் கேளும்” என்று சொல்லி, ஓதி ஊதிய தண்ணீரை ஒரு செம்பில் கொடுத்தனுப்பினார்.

இப்படியாக அண்ணனின் படிப்பு என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு ஆசை இல்லை என்று லெப்பை எதை வைத்துச் சொன்னாரோ தெரியாது. அண்ணன் போகக் கூடாது என்பதுதான் என் ஆசை. சாயங்காலமானால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரடி வரைக்கும் போகிறவன் அவன் ஒருவன்தான். ஆனால் என்னை அதை யாரும் கேட்கவில்லை. கனவை மட்டும்தான் கேட்டார்கள்.

முதல் நாள் விடியலில் மூன்று பேரும் என் பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. கனவில் கருப்பட்டி தின்றேன் என்றேன்.

“கருப்பட்டியா? என்ன நெறத்துல இருந்துச்சு?” என்று அத்தா குனிந்து கேட்டார்.

“கறுப்பா.”

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அத்தாவும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அந்த வாரத்தில் அதுதான் அவள் முதல் பேச்சு.

“நேத்து பூரா கருப்பட்டி கேட்டு அழுதா, நான் குடுக்கல. அந்த ஏக்கத்துல கண்டிருக்கா. இது ஒரு கனான்னு நீங்க எடுத்துக்கிடாதிய.”

அத்தா யோசித்தார். “சரி, இன்னும் ரெண்டு நாள் பாப்போம்” என்று சொல்லி வண்டி ஏறினார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கேட்காமலே கருப்பட்டி கிடைத்தது, வயிறு நிறைய. சாப்பாடும் சீக்கிரமே போட்டாள். ஓதின தண்ணீரைக் குடிக்கவைத்து, வலப்பக்கமாகப் படுக்கவைத்து, அம்மாவும் கூடவே படுத்தாள். அப்படி அவள் என்னோடு படுத்ததே இல்லை. வேலை முடிந்து அவள் வருவதற்குள் நான் தூங்கியிருப்பேன். என் தலையைக் கோதிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் பிறந்த ஊர் கான்சாபுரம்.

“கான்சாபுரத்து வயக்காடு இருக்குல்லா தாயி, பச்சப்பசேல்னு? அந்த வரப்புல ஒங்க அண்ணன் நடந்து போறான். வெள்ளச் சட்ட போட்டிருக்கான். சட்டையில ஒரு பொட்டுச் சகதி ஒட்டல. சிரிச்சிக்கிட்டே போறான்.”

“பொறவு?”

“பொறவும் போறான். வயக்காடு முடியவே இல்ல.”

நான் கண்ணை மூடும்வரை சொன்னாள். விழிப்புத் தட்டியபோதும் அந்தக் குரல் கேட்டதுபோல் இருக்கிறது. அடுத்த நாளும் அதே வயல், அதே வெள்ளைச் சட்டை. கதை என்றால் ராஜா வர வேண்டும், புலி வர வேண்டும். இதில் எதுவும் வரவில்லை. ஆனாலும் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. அம்மாவின் கை என் தலைமேல் இருந்ததனால் நன்றாக இருந்ததோ என்னவோ. அவள் கனவை எனக்கு ஊட்டிவிட்டாள் என்று இப்போது சொல்லத் தெரிகிறது. அப்போது அம்மா கதை சொல்லுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த இரண்டாம் ராத்திரி விடிந்ததும்தான் வரப்பையும் வெள்ளைச் சட்டையையும் சொன்னேன். தூக்கத்தில் கண்டேனா, தூங்குவதற்கு முன் கேட்டதைச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பொய் சொல்லவில்லை; பச்சை வயல் என் கண்ணுக்குள் இருந்தது.

“திரும்பி வந்தானா?” என்று அத்தா கேட்டார்.

“இல்ல. போய்க்கிட்டே இருந்தான்.”

“எந்த ஊரு வயலு?”

“கான்சாபுரம்.”

அத்தா அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பங்கரையைப் பார்த்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, நன்றாக எரிகிற அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அத்தாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

“போயிட்டு வரட்டும். நான் இன்னும் கொஞ்ச நாளு வண்டியில போயி வாறேன். பழகுனதுதான.”

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றே இப்போது நினைக்கிறேன். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். அத்தா அன்றைக்கு மனசறிந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் பட்ட பாட்டுக்கு அது பெரிய காரியம்.

அண்ணன் கிளம்பினான். ரயிலுக்கு விருதுபட்டி போக வேண்டும், அதுவரைக்கும் மாட்டு வண்டி. தெருவே கூடி நின்றது. என்னைத் தூக்கி முத்தம் கொடுத்து, ‘நீதான் என்ன அனுப்புத’ என்றான். நான் தெருப் பிள்ளைகளிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா வாசலுக்கு வந்து வண்டி திரும்பும்வரை நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகும் அத்தா விடியலில் போனார், இருட்டி வந்தார். இருமல் கூடியது. சாப்பிடும்போது பேச்சும் இல்லை, வழக்கும் இல்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். அம்மா வெறுந்தரையில் படுத்திருந்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் அண்ணனுடைய பழைய சட்டை ஒன்று கிடந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, இதைச் சரிப்படுத்த என்னால் முடியும் என்ற தைரியமும் இருந்தது. அனுப்பியவளே நான்தானே. அவள் முதுகில் கையை வைத்தேன்.

“அழாதம்மா. இன்னிக்கு ராத்திரி அண்ணன் திரும்பி வாற மாதிரி கனாக் காணட்டா?”

அம்மா சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் விழுந்து ஓடியது.

“வேண்டாம் தாயி. அப்பிடி எதுவும் கண்டாலும் அத்தாட்டச் சொல்லிராத.”

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அண்ணன் இல்லாமல் இப்படி அழுகிறவள், அவன் வருவதற்கு இவ்வளவு லேசான வழி இருக்கும்போது அதை ஏன் வேண்டாம் என்கிறாள் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.