புத்தருக்கு நேர்ந்த மொட்டை: தாடியண்டமோளும் பைலகுப்பேயும்

போன ஜூலையில் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போன ஒரு நாளில் என் மனைவி மல்லிகா புத்தரிடம் வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்து வீடு திரும்பினால் மலையேறி வந்து மொட்டை போட்டுக்கொள்கிறாளாம். இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம்.

கொஞ்சம் விளக்க வேண்டும். நான் கோலார் தங்கவயல்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பௌத்தம். மல்லிகா பெங்களூர் ஒக்கலிபுரத்தில் முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவள். அவளுக்குச் சாமி என்றால் மலை மேல் இருக்க வேண்டும், முடி கேட்க வேண்டும். நம் வீட்டில் வேண்டுதலெல்லாம் கிடையாது, புத்தர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று என் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "உங்க புள்ள விஷயத்த உங்க சாமிகிட்டதான அத்தை கேக்க முடியும்?" என்றாள் மல்லிகா. அதோடு பேச்சு முடிந்தது.

பெங்களூரிலிருந்து ஒரு வார இறுதிக்குள் மலையும் புத்தரும் கிடைக்கிற இடம் குடகுப் பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். நவம்பரில் ஒரு சனிக்கிழமை தாடியண்டமோள் மலை, மறுநாள் பைலகுப்பே புத்தர் என்று திட்டம் போட்டோம்.

வெள்ளி இரவு மைசூர் ரோடு சாட்டிலைட் பஸ் ஸ்டாண்டில் ஏறி, விடியும்போது விராஜ்பேட்டையில் இறங்கினோம். அங்கிருந்து மலையடிவாரத்து நாலுநாடு அரண்மனை வரை ஜீப்புக்கு 1,200 ரூபாய். (கக்கபே வரை பஸ் உண்டு. நேரத்தை நம்ப முடியாது.) இறங்கும்போது மல்லிகா ஷூவைக் கழற்றி ஜீப்பிலேயே வைத்ததைப் பார்த்த டிரைவர், "ஹரகெயா?" என்றார். வேண்டுதலுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். ஆமாம் என்றாள். அட்டைப்பூச்சிக்கு அதெல்லாம் தெரியாது என்று அவர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டாள்.

உச்சி 1,748 மீட்டர். அரண்மனையிலிருந்து ஒரு வழி சுமார் ஏழு கிலோமீட்டர். முதல் பாதி ஜீப் தடம், நடக்கச் சுலபம். பிறகு புல்வெளி. கடைசியில் சோலைக்காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். அங்கேதான் என் கால்கள் தந்தியடித்தன. காய்ச்சலுக்குப் பிறகு நான் ஏறிய பெரிய உயரம் அல்சூர் மெட்ரோ படிக்கட்டுதான். நீ போய் வா, நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். இரண்டு திருப்பம் ஏறிப் போனவள் திரும்பி இறங்கி வந்தாள். தனியாக ஏறினால் கணக்கில் வராதாம். எனக்கு மூச்சு வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்தாள்.

ஏழரைக்குக் கிளம்பிய நாங்கள் பன்னிரண்டு மணிக்கு உச்சியைத் தொட்டோம். பனிமூட்டம் விலகி விலகி மூடியது. ஏதோ ஐடி கம்பெனிக் கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. மல்லிகா நாலா பக்கமும் தேடிவிட்டு, கும்பிட ஒரு கல்கூட இல்லையே என்றாள். சாமி நாளைக்கு என்றேன்.

இரவு மடிக்கேரியில் தங்கினோம். ஞாயிறு காலை பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் குஷால்நகர், அங்கிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். பைலகுப்பே திபெத்தியர்களின் ஊர். அங்குள்ள பொற்கோயிலின் தங்க முலாம் பூசிய மூன்று பெரிய சிலைகளைப் பார்த்து நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் தங்கவயல் விகாரையில் இருப்பது முழங்கால் உயர வெள்ளைப் புத்தர். மல்லிகா மொட்டை போடும் இடத்தைத் தேடினாள். சுற்றிலும் மொட்டைத் தலைகள்தான், இடம் மட்டும் தெரியவில்லை.

பின்தெருவில் ஒரு சின்ன மடாலயத்தில் நடுத்தர வயதுப் பிக்கு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கேயே பிறந்தவராம், என்னைவிட நல்ல கன்னடம். மல்லிகா டெங்குவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கன்னடத்திலேயே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முடி எடுக்கறது வீட்டை விட்டு வர்றவங்களுக்கு அக்கா. நீங்க வீட்டை விட்டு வர்றீங்களா?"

மல்லிகா என்னைப் பார்த்தாள். "இவரு வீட்டுக்கு வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

பிக்கு டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்படியானால் இவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றார். போகும்முன் ஒரு விளக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றினாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தாடியண்டமோளுக்கு வனத்துறை அனுமதியை முன்னாலேயே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோங்கள். கையில் உப்பு இருக்கட்டும், அட்டைப்பூச்சி கடித்தால் உதவும். பொற்கோயிலுக்குக் காலையிலேயே போனால் கூட்டம் குறைவு. மொட்டை போடும் வசதி பைலகுப்பேயில் கிடையாது.

குஷால்நகரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், உன் வேண்டுதல் தள்ளுபடியாகிவிட்டது என்று கேலி செய்தேன். ஜன்னல் காற்றில் பறந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டபடி மல்லிகா சொன்னாள்: "யாரு சொன்னா? கடன் அப்படியேதான் இருக்கு. பாக்கி இருக்கற வரைக்கும் உங்க சாமி உங்கள விட்டுவைப்பாரு."

எப்போது தீர்ப்பாய் என்று நான் கேட்கவில்லை.